வேம்பயர் சர்வைவர்ஸ்

வேம்பயர் சர்வைவர்ஸ்: இத்தாலியரான லூகா கலான்டே உருவாக்கிய வீடியோ கேம்; இதன் முழுப் பதிப்பு 2022 அக்டோபரில் வெளியானது. இதில் ஆயுதங்கள் தாமாகவே தாக்கும். ஆடுபவர் நகர்ந்தால் போதும். அதனால், 'தானே ஆடிக்கொள்ளும் ஆட்டத்தில் திறமைக்கு என்ன வேலை?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், வீழ்ந்த எதிரிகள் விட்டுச்செல்லும் அனுபவக் கற்களைப் பொறுக்க, மொய்க்கும் கூட்டத்துக்குள்ளேயே புகுந்தாக வேண்டும். அவற்றால் ஒவ்வொரு முறை நிலை உயரும்போதும் கிடைக்கும் மூன்று நான்கு வாய்ப்புகளில் ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆயுதங்களுக்கோ ஆறே இடங்கள். சாட்டை என்ற ஆயுதத்தை எட்டாம் நிலைவரை வளர்த்தாலும், 'ஹாலோ ஹார்ட்' என்ற துணைப்பொருள் கைவசம் இருந்தால்தான் அது 'பிளடி டியர்' என்ற வலிய ஆயுதமாக மாறும். வாய்ப்புகளைத் தற்செயல் தீர்மானிக்கிறது என்பது உண்மையே. கிடைத்ததைக் கோத்து வலுவாக்குவது ஆடுபவரின் கணக்கு. இங்கே சண்டை விரல் வேகத்தில் இல்லை, தேர்வில் இருக்கிறது. 2023இல் சிறந்த விளையாட்டுக்கான பாஃப்டா விருதை இது வென்றது.