வீராம்பட்டினம் ஒலிபெருக்கியிலிருந்து வீட்டு ஏஐ ஏஜென்ட் வரை

இன்னிக்கு எபிசோடு ஏஐ ஏஜென்ட் பத்தி. ஆனா கதை 1998-ல, புதுச்சேரி பக்கத்துல இருக்கிற வில்லியனூர்ல ஆரம்பிக்குது.

அந்த வருஷம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி உதவியோட, புதுச்சேரி கிராமங்கள்ல ஒரு திட்டம் தொடங்குச்சு. ஊருக்கு ஊர் தகவல் மையம். வில்லியனூர்தான் தலைமையிடம். அங்கிருந்து ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம்னு கிராமங்களுக்கு வயர்லெஸ் ரேடியோ வழியா தகவல் போச்சு. கரன்ட்டை நம்ப முடியாது, அதனால சோலார் பேனலும் வச்சிருந்தாங்க.

இதுல வீராம்பட்டினம் மீனவ கிராமம். அமெரிக்கக் கடற்படையோட இணையதளத்துல அலை உயர முன்னறிவிப்பு வரும். அதை வில்லியனூர்ல இறக்கி, தமிழ்ப்படுத்தி அனுப்புவாங்க. வீராம்பட்டினத்துல ஒலிபெருக்கியில சொல்லுவாங்க. கடலுக்குப் போறவங்க அதைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்.

இப்போ நம்ம பாஷையில யோசிங்க. எங்கேயோ இருக்கிற டேட்டா. அதை நேரடியா படிக்க வழியில்லாத மக்கள். நடுவுல, அவங்களுக்காகப் படிச்சுச் சொல்ற ஒருத்தர். ஏஜென்ட் செய்ற வேலையும் கிட்டத்தட்ட இதுதான்.

அந்தத் திட்டத்துல ஒரு நிபந்தனை இருந்துச்சு. மையத்துக்கு இடம் ஊர்தான் தரணும், ஆனா சாதி, ஆண், பெண்னு பார்க்காம எல்லாரும் உள்ள வர முடியணும். ஏம்பலத்துல மையம் அமைஞ்சது கோயில் கட்டடத்துல. சன்னதிக்குப் போகத் தடை இருந்தவங்களும் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள்ள வரலாம். அதாவது, தகவல் யாருக்கெல்லாம் போகணும்ங்கிறதை மெஷின் வைக்கும்போதே பேசி முடிவு பண்ணிட்டாங்க.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூர்ல இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருத்தர் டிவியில சுனாமி செய்தி பார்த்து ஊருக்கு ஃபோன் பண்றார். ஊர்க்காரங்க தகவல் மையத்தைத் திறந்து, ஒலிபெருக்கியில எச்சரிக்கை கொடுத்தாங்க. வீடுகளும் படகுகளும் போச்சு. ஆனா சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊர்ல உயிர்ச்சேதம் இல்லைன்னு அப்போ செய்தி வந்துச்சு.

சரி, இதுவரைக்கும் டேட்டா வெளியில இருந்து ஊருக்குள்ள வந்துச்சு. ஸ்மார்ட் ஹோம்ல அது திரும்பி, வீட்டுக்குள்ள இருந்து வெளிய போகுது.

இதோட ஆபத்தை ரொம்ப சீக்கிரமே கவனிச்சவர் எம்ஐடியில இருந்த ஜார்ஜ் ஹார்ட். ஒரு வீட்டுக்குள்ள வர்ற மொத்த கரன்ட்டை மட்டும் அளந்து, எந்த நேரத்துல எந்தக் கருவி ஓடுதுன்னு பிரிச்சுச் சொல்ற முறையை 1980-கள்ல உருவாக்கினவர்கள்ல முக்கியமானவர் அவர். இதையே கண்காணிப்புக்கும் பயன்படுத்தலாம்னு 1989-லயே கட்டுரை எழுதி எச்சரிச்சதும் அவர்தான். ஃப்ரிட்ஜ், மோட்டார், கிரைண்டர் ஒவ்வொண்ணும் கரன்ட் இழுக்கிற விதம் வேற. எப்போ எழுந்தீங்க, எப்போ வீடு பூட்டிக் கிடந்துச்சுன்னு அதை வச்சே ஊகிக்கலாம்.

அன்னிக்கு அதைப் படிக்க ஒரு நிபுணர் தேவைப்பட்டார். இன்னிக்கு வேண்டாம். 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் எம்சிபின்னு ஒரு பொது நெறிமுறை வெளியிட்டுச்சு. ஏஐ மாடலை மத்த மென்பொருளோட இணைக்கிற பிளக் பாயின்ட் மாதிரி. 2025 தொடக்கத்துல ஹோம் அசிஸ்டென்ட்டும் இதை ஆதரிக்க ஆரம்பிச்சது. "அப்பா நேத்து எத்தனை மணிக்குத் தூங்கப் போனார்?"னு கேட்டா, லைட், டிவி, கேமரா டேட்டாவைக் கூட்டிப் பார்த்து ஏஜென்ட் பதில் சொல்லும்.

ஏமாத்தவும் முடியும். 2025 ஆகஸ்ட்ல ஆராய்ச்சியாளர்கள் ஒரு காலண்டர் அழைப்புக்குள்ள கட்டளையை ஒளிச்சு வச்சு, கூகுள் ஜெமினி மூலமா வீட்டு லைட்டையும் ஜன்னலையும் இயக்கிக் காட்டினாங்க. வீராம்பட்டினத்துல யாராவது தப்பா அறிவிச்சா ஊரே கேட்டிருக்கும், யாராவது திருத்தியிருப்பாங்க. ஏஜென்ட் எதைப் படிச்சுது, யார் பேச்சைக் கேட்டுதுன்னு வீட்ல இருக்கிறவங்களுக்கே தெரியாது.

இங்கதான் நம்ம வயசு ஆளுங்க யோசிக்கணும். பையன் பெங்களூர்ல. அம்மா அப்பா பாகூர்ல. வீட்டு கேமராவும் மோட்டாரோட மொபைல் ஸ்டார்ட்டரும் பையன் ஃபோன்ல. அதை ஏஜென்ட்டுக்கும் திறந்து விடறான். அக்கறையிலதான் செய்றான். ஆனா அம்மாகிட்ட கேட்டானா? 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்ற தரவுப் பயன்பாட்டுக்கு விலக்கு கொடுக்குது. டேட்டாவைக் கையாளுற கம்பெனியை சட்டம் கேள்வி கேட்கலாம், பையனை இந்தச் சட்டம் கேட்காது. அதனால அவனேதான் கேட்கணும்.

செய்ய வேண்டியது பெரிசா ஒண்ணுமில்லை. எந்தெந்தக் கருவியை ஏஜென்ட் பார்க்கலாம்னு ஹோம் அசிஸ்டென்ட்ல தனித்தனியா தேர்வு செய்ய முடியும். தண்ணி மோட்டார் சரி. படுக்கையறை கேமரா வேண்டாம். முதல்ல படிக்க மட்டும் அனுமதி, இயக்க அனுமதி அப்புறம். அதோட, அந்தப் பட்டியலை அம்மா அப்பாகிட்ட தமிழ்ல படிச்சுக் காட்டி, "எதை எடுத்துடலாம்?"னு கேளுங்க.

அவங்க என்ன சொன்னாங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.