வெறுத்தலும் துறத்தலும்: தமிழ்க் கிறித்தவத்தில் ‘தன்னைக் கடத்தல்’ குறித்த சொல் வரலாறு

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அச்சு வரலாறு, காப்பிய அமைப்பு, வடசொற்கலப்பு, மேனாட்டார் தொண்டு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. அவ்விலக்கியம் எதற்காக எழுதப்பட்டதோ அந்த ஆன்மிக வளர்ச்சி என்னும் பொருள், ஆய்வாளரால் ‘சமயக் கருத்து’ என்று ஒரே தொடரில் கூறி ஒதுக்கப்படுகிறது. அப்பொருளைத் தாங்கும் சொற்களோ வரலாறு உடையவை. ஒரு சொல்லை விட்டு மற்றொரு சொல்லைத் தேர்ந்தபோது வழிபடுவோர் தம்மைப் பற்றிக் கொண்ட எண்ணமும் மாறியது. சீடராக விரும்புவோர்க்கு இயேசு விதித்ததாக மத்தேயு நற்செய்தியின் 16ஆம் இயலில் (வசனம் 24) வரும் நிபந்தனையில் உள்ள ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி, தமிழில் அது பெற்ற வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரு வினையும் இரு பெயர்ப்பும்

கிரேக்க மூலத்தில் அவ்விடத்து வரும் வினை ‘அபர்னேயோமை’ என்பதாகும். ‘அவனை அறியேன், எனக்கும் அவனுக்கும் தொடர்பில்லை’ என்று கைவிடுதலே அதன் பொருள். அதே நற்செய்தியின் 26ஆம் இயலில், தலைமைக் குருவின் முற்றத்தில் நின்று பேதுரு தம் ஆசிரியரை அறியேன் என்று மும்முறை சொன்னதைக் குறிக்கவும் இவ்வினையே ஆளப்படுகிறது. மூலநூலைப் படிப்போர்க்கு இரண்டு இடங்களும் ஒன்றையொன்று நினைவூட்டும். தன்னை ‘அறியேன்’ என்று சொல்லியிருக்க வேண்டியவர், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தலைவரை ‘அறியேன்’ என்றார். தன்முனைப்பு என்பது யாது என்பதற்கு இதனினும் நுட்பமான விளக்கத்தை அந்நூலில் காண்பதரிது.

1871இல் நிறைவுற்று, இன்று ‘பழைய மொழிபெயர்ப்பு’ என வழங்கும் சீர்திருத்தச் சபைகளின் விவிலியம், பேதுருவின் செயலுக்கு ‘மறுதலித்தல்’ என்ற சொல்லை இட்டது. சீடருக்குரிய நிபந்தனைக்கோ ‘வெறுத்தல்’ என்ற சொல்லை இட்டது. இதனால் மூலத்தில் ஒன்றாயிருந்த இரண்டு இடங்கள் தமிழில் பிரிந்தன. மறுபுறம், லூக்கா 14:26, யோவான் 12:25 ஆகிய இடங்களில் மூலத்திலேயே வெறுத்தலைக் குறிக்கும் வேறொரு வினை உண்டு. அவற்றுக்கும் ‘வெறுத்தல்’ என்றே பெயர்த்தமையால், மூலத்தில் வேறாயிருந்தவை தமிழில் ஒன்றாயின. விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. தமிழ் வாசகர் தம்மை அறியேன் என்று சொல்லப் பணிக்கப்படவில்லை, தம்மை வெறுக்கப் பணிக்கப்பட்டார். அதே நற்செய்தியின் 22ஆம் இயல் (வசனம் 39) பிறரிடத்துக் கொள்ளும் அன்புக்கு அளவுகோலாக ஒருவர் தம்மிடத்துக் கொள்ளும் அன்பையே வைக்கிறது. தன்னை வெறுப்பவர் அந்த அளவுகோலை எங்ஙனம் கையாள்வார் என்ற வினா தமிழில் மட்டுமே இத்துணைக் கூர்மையாக எழுகிறது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ அவ்விடத்தில் ‘தன்னலம் துறத்தல்’ என்று பெயர்த்தது. லூக்கா, யோவான் நூல்களின் கடுஞ்சொற்களையும் அது தணித்தே வழங்குகிறது. இரண்டு பெயர்ப்புகளுக்கும் இடையே ஒன்றேகால் நூற்றாண்டு உள்ளது. அதற்கும் முன்பாக மூன்று நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவ உரைநடை உள்ளது.

துறவின் மொழி

‘வெறுத்தல்’ என்பதைத் தேர்ந்தவர்களைக் குறை கூறுவது எளிது. ஆயின் இச்சொல் தமிழில் பகையை மட்டும் குறித்ததன்று. தொல்காப்பிய உரியியல் ‘வெறுப்பு’ என்பதற்குச் செறிவு என்றே பொருள் கூறுகிறது. அப்பொருள் பிற்காலத்தில் வழக்கிழந்தது. உலகை வெறுத்தல் என்றால் உலகின்மீது பகை கொள்ளுதல் என்று எவரும் கொள்வதில்லை. பற்று விடுதல் என்றே கொள்வர். துறவு அதிகாரத்தில் வள்ளுவர் சுட்டும் இருவகைச் செருக்கைப் பரிமேலழகர் அகப்பற்று, புறப்பற்று எனப் பிரித்து உரைப்பது தமிழறிஞர் அறிந்ததே. இப்பின்புலத்தில் தன்னை வெறுத்தல் என்பது அகப்பற்று ஒழிதல் என்ற அளவில் கேட்போர் செவியில் ஒலித்திருக்கக் கூடும்.

1606இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி (1577–1656) காவியுடுத்தித் துறவியாக வாழ்ந்ததும், ‘ஆத்தும நிர்ணயம்’ முதலான உரைநடை நூல்களை எழுதியதும் இம்மொழியைக் கிறித்தவத்துக்குள் நிலைநிறுத்தின. எனினும் துறவின் மொழிக்கு முன்பே வேறொரு மொழியும் கடற்கரை ஊர்களில் வேரூன்றியிருந்தது. அன்ரிக் அன்ரீக்கசு 1580இல் கொச்சியில் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ என்னும் பாவசங்கீர்த்தன நூல், ஒருவர் தம்மைத் தாமே வினவித் தேறுவதற்குரிய கையேடாகும். முத்துக்குளித்துறைக் கிறித்தவரை நோக்கிய அம்முயற்சியில் ‘தான்’ என்பது ஒழிக்கப்பட வேண்டிய ஒரு பொருளாக அன்றி, செயல் செயலாக எண்ணிப் பார்க்கப்பட வேண்டிய கணக்காக அமைகிறது.

இந்தக் கணக்கு முறையின் மூலம் இயேசு சபை நிறுவுநர் இலொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ (1548) என்ற நூலில் விரிவாகக் காணப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட குறையைத் தேர்ந்து, நாளுக்கு இருமுறை தம்மை ஆய்ந்து, வீழ்ந்தபோதெல்லாம் ஒரு கோட்டின்மேல் புள்ளியிட வேண்டும். கிழமையின் நாட்களுக்கு வரைந்த கோடுகள் வரவரக் குறுகிச் செல்லும். குறை தேயும் என்ற நம்பிக்கையை ஏட்டின் அமைப்பே காட்டுகிறது. அந்நூல் தன் நோக்கமாகக் கூறுவது தன்னை வெல்லுதலும், ஒழுங்கற்ற பற்றுகளால் ஆட்டுவிக்கப்படாமல் வாழ்வை முறைப்படுத்தலுமே. அங்கு வெறுப்புக்கு இடம் குறைவு. பற்றின் ஒழுங்கே பேசப்படுகிறது. உபதேசியார்களுக்காக வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ இந்தப் பயிற்சி மரபிலிருந்து பிறந்த தமிழ் உரைநடை. ‘தேம்பாவணி’யின் புகழில் அது மறைந்து கிடப்பது வருந்தத்தக்கது. பிறர்க்கு வழி காட்டுவோரே தன்முனைப்புக்கு எளிதில் இரையாவர் என்ற அறிவு அதன் பின்னுள்ளது.

கத்தோலிக்க மறைக்கல்வி, தலையான பாவங்கள் ஏழனுள் முதலாவதை ‘ஆங்காரம்’ என்றும், அதற்கு மாற்றான புண்ணியத்தைத் ‘தாழ்ச்சி’ என்றும் வழங்கியது. சைவ சித்தாந்தத்தின் ‘ஆணவம்’ கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அது அப்பட்டியலில் இடம்பெறாமை நோக்கத்தக்கது. ஆணவம் அநாதியான மலம். முத்தியிலும் அதன் ஆற்றல் ஒடுங்குமேயன்றி அது அழிவதில்லை என்பது மெய்கண்டார் மரபு. கிறித்தவம் கூறும் ஆங்காரமோ மனித விருப்பத்தின் செயல். ஆதலின் மன்னிக்கப்படக் கூடியது. மன்னிப்புக்கு உரிய ஒன்றை மலம் என்று கூற இயலாது.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இந்த இரண்டையும் அருகருகே அறிந்தவர். வைணவ மரபில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற அவர், சான் பனியனின் ஆங்கில நூலைத் (1678) தழுவி ‘இரட்சணிய யாத்திரிக’த்தை 1894இல் வெளியிட்டார். பனியனின் கதையில் பயணியின் முதுகுச் சுமை பயண முடிவில் இறங்குவதில்லை. தொடக்கப் பகுதியிலேயே சிலுவையின் அடியில் கழன்று வீழ்கிறது. வளர்ச்சி அதற்குப் பின்னர்த் தொடங்குகிறது. இந்த வரிசை முறை, தன் முயற்சியால் தன்னைத் தூய்மையாக்கிக்கொண்டு அருளை அடைவது என்ற எண்ணத்தைத் தலைகீழாக்குகிறது. சரணாகதிக் கோட்பாட்டில் வளர்ந்தவர்க்கு இது புதியதாக இருந்திராது. அந்நூலின் இறுதியில், நெடுவழி நடந்து வந்த ‘அறியாமை’ என்னும் பாத்திரம், தன் நற்செயல்களை நம்பியதால் விண்ணக வாயிலிலிருந்தே திருப்பப்படுகிறது. நூலைப் பள்ளிப் பாடமாகப் படித்தோர் பலரும் இப்பகுதியைக் கடந்து செல்வர். தன்முனைப்பு பக்தியின் உடையணிந்து கடைசி வாயில்வரை உடன்வரும் என்பதே பனியனின் கண்டிப்பான கருத்து.

தாழ்ச்சியும் தாழ்வும்

இதுவரை கண்டவை யாவும் ‘தான்’ என்பதை ஒரு தனி மனிதரின் உள்ளத்தில் வைத்துப் பேசுவன. தமிழகத்திலோ ‘தான்’ என்பது பெரும்பாலும் குலத்தின் பெயரால் வாழ்ந்தது. தன்னைத் துறந்த துறவியரே இதற்குச் சான்று. மதுரை மறைப்பணித்தளத்தில் 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவினர் தோன்றினர். உயர்குலத்தார்க்குரிய சந்நியாசி ஒருவர், ஏனையோர்க்குரிய பண்டாரசாமி வேறொருவர் என்றவாறு தன்னலத்துறவே சாதிவழி பிரிந்தது.

சீர்திருத்தச் சபையிலும் நிலை வேறன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பக்திப் பாடலில் நிகரற்றவர். ஆயினும் 1829ஆம் ஆண்டளவில் இளைய மிஷனரிகள் சபையில் சாதி வேறுபாட்டை நீக்க முற்பட்டபோது, அவ்வழக்கங்களை ஆதரித்தே எழுதினார். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதியைச் சபையிலிருந்து முற்றும் விலக்குமாறு சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னையிலும் பலர் சபையை விட்டு விலகினர். சாஸ்திரியாரைக் கபடர் என்று கூறுவது நேர்மையாகாது. தம் பாடல்களில் அவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டது உண்மையே. அவர் வழங்கிய சொல்லில் ‘தன்னை’ என்பது தம் குலத்தையும் உள்ளடக்கியது என்ற எண்ணத்துக்கு இடமில்லாதிருந்தது என்பதே வரலாறு காட்டுவது.

இவ்விடத்தில் ‘தாழ்ச்சி’ என்ற சொல் தன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. நிலவுடைமையாளர் வீட்டுத் திண்ணையில் தாழ்ச்சி பழகுவது ஒரு பயிற்சி. தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்டவரிடம் அதே பயிற்சியைக் கூறும்போது அது ஏற்கெனவே சுமத்தப்பட்டதைப் புண்ணியம் என்று பெயரிட்டு மீண்டும் சுமத்துவதாகிறது. அமெரிக்க இறையியலாளர் வேலரி செய்விங் 1960இல் வெளியிட்ட கட்டுரையில், செருக்கையே முதற்பாவமாகக் கொண்ட இறையியல் ஆண்களின் பட்டறிவிலிருந்து எழுந்தது என்றும், பெண்கள் பலரின் குறை தன்னைப் பெரிதாக்குவதன்று, தன்னை இழந்துவிடுவதே என்றும் வாதிட்டார். அவர் தமிழ்நாட்டை நோக்கி எழுதவில்லை. எனினும், துறவற மடத்தை விட்டு வெளியேறிய பாமா 1992இல் வெளியிட்ட ‘கருக்கு’ நூலைப் படிப்போர் அவ்வாதத்தின் நடைமுறைச் சான்றினைத் தமிழிலேயே காண்பர். எளிமையும் பணிவும் வாக்குறுதியாக ஏற்கப்பட்ட இடத்தில் வசதியும் சாதி வேற்றுமையும் குடியிருந்ததை அந்நூல் கூறுகிறது. தன்னை வெறுக்க அங்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. தன்னை மதிக்கவே அந்நூலாசிரியர் கற்க வேண்டியிருந்தது.

வெறுமை

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவச் சிந்தனையாளருள் இச்சிக்கலுக்கு மிக நெருங்கிச் சென்றவர் வெங்கல் சக்கரை (1880–1958) எனக் கருதலாம். 1903இல் திருமுழுக்குப் பெற்ற வழக்கறிஞரான இவர், 1926இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘இயேசு என்னும் அவதாரம்’ பற்றிய நூலில், இயேசுவைத் தன்முனைப்பு முற்றும் நீங்கியவராகவும், அக்காரணத்தாலேயே எல்லார்க்கும் பொதுவானவராகவும் விளக்கினார். அதற்கு அடிப்படை பிலிப்பியர் திருமுகத்தின் 2ஆம் இயல். அங்கு கிறித்து தம்மை ‘வெறுமையாக்கினார்’ என்ற பொருளில் வரும் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பும் திருவிவிலியமும் ஒன்றுபோலவே பெயர்த்துள்ளன. வெறுத்தல், வெறுமை ஆகியவற்றின் ஒலியொப்புமை கொண்டு இரண்டும் ஒரே வேரின என்று துணிய வேண்டியதில்லை. ஆயினும் வெறுமையாக்குதல் வெறுத்தலினும் வேறுபட்ட செயல். நிறைந்திருப்பவரே வெறுமையாக்க இயலும். அது மேலே இருப்பவர் கீழே இறங்குதல்; கீழே இருப்பவரை அங்கேயே இருத்துதல் அன்று.

சக்கரையின் வாழ்வு இவ்விளக்கத்துக்கு ஓர் அடிக்குறிப்புப் போல் அமைந்தது. அவர் தொழிற்சங்கத் தலைவராகப் பணியாற்றினார். 1941இல் சென்னை மேயரானார். பின்னர் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராகவும் விளங்கினார். தன்முனைப்பு நீங்குதல் பற்றி எழுதியவர் கூலி உயர்வு கேட்கும் தொழிலாளரிடம் ‘தன்னலம் துற’ என்று கூறவில்லை. அவர் காலத்தவரான ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975) யோவான் நற்செய்தியைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் நூல் வெளியிட்டார். இறைவனோடு ஒன்றுதல் என்பது உயிர் கரைந்து மறைதல் அன்று, அன்பால் விருப்பம் ஒன்றுபடுதல் என்பது அவர் துணிபு. அதன்படி ‘தான்’ எஞ்சி நிற்கிறது. அன்பு செய்ய ஒருவர் வேண்டுமன்றோ? சமூகத்தைப் பற்றி அவர் சக்கரையளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இவ்வரலாற்றின்பின் 1995இன் ‘தன்னலம்’ என்ற சொல்லை மதிப்பிட வேண்டும். அது மேடைத்தமிழ் வளர்த்த சொல். பொதுவாழ்வின் நேர்மையைக் குறிப்பது. ஒடுக்கப்பட்டோர் தம்மை வெறுக்க வேண்டும் என்ற தவறான பொருளுக்கு அது இடந்தருவதில்லை. இது பெரிய ஆதாயம். ஆனால் அச்சொல் சற்று இலேசானது. தம் குலத்தின் நலத்துக்காகத் தன்னலம் துறந்தவர் என்று எவரையும் பாராட்டலாம், சாஸ்திரியாரையும் பாராட்டலாம். பேதுருவின் முற்றத்தோடு இருந்த தொடர்பும் இதனால் மீளவில்லை. ‘மறுதலித்தல்’ என்ற சொல்லை இரண்டு மொழிபெயர்ப்புகளும் கையில் வைத்திருந்தும், வேண்டிய இடத்தில் அதனை இடாமற்போயின. குலத்தின் பெயரால் நிற்கும் ‘தான்’ ஒன்றை ‘அறியேன்’ என்று சொல்லும் வாய்ப்பு அச்சொல்லில் இருந்தது.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி, ‘பரட்டை’ என்ற பெயரில் நாட்டுப்புற இசையில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), இச்சொல்லாய்வுகளுக்குள் செல்லவில்லை. அவர் நற்கருணையை விளக்க எடுத்துக்கொண்டது ‘ஒரே உலை’ என்னும் ஊர்வழக்கு. அவரவர் கொண்டுவந்ததை ஒரே உலையில் இட்டுச் சமைத்து அனைவரும் உடனிருந்து உண்ண வேண்டும் என்றார். யார் வீட்டு உலையில் யார் உண்பது என்பதையே சாதி முதன்மையாகக் காத்து நின்ற ஊர்களில் அவர் இதனைப் பாடலாக்கினார்.