பத்தரைச் சென்ட் நிலமும் ஓர் இந்திய அணித்தலைவரும்

"விளையாடிக்கொண்டிருந்தால் சோறு கிடைக்குமா?" என்ற கேள்வி நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வருகிறது. இடலாக்குடியானாலும் திட்டுவிளையானாலும் தக்கலையானாலும், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதில் பந்தோடு வெளியே இறங்கும் மகனைப் பார்த்து வாப்பா கேட்கும் கேள்வி அது. வறுமையை அறிந்தவர்கள் கேட்பதால் அதை இகழ்ந்து தள்ள இயலாது. எனினும் அக்கேள்விக்கு நம் நாட்டின் விளையாட்டு வரலாற்றில் ஒரு விடை உண்டு. அவ்விடையின் பெயர் குலாம் அப்பாஸ் முன்தஸிர். 1942ஆம் ஆண்டு பிறந்து, பம்பாயின் நாக்பாடாப் பகுதியில் வளர்ந்து, இந்தியக் கூடைப்பந்து அணியின் தலைவராக உயர்ந்தவர் அவர்.

அவரைப் பற்றிப் பேசுமுன், அந்த விளையாட்டு நம் நாட்டுக்கு வந்த வழியைச் சற்று நோக்குவோம்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் கூரையின் கீழ் ஆடத்தக்க ஒரு விளையாட்டை வகுத்தார். பீச் பழக்கூடைகள் இரண்டை மாடக் கைப்பிடியில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அவருடைய முதல் மாணவர்களில் ஒருவரான டங்கன் பேட்டன் 1894இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார் என்பர். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். நந்தனத்தில் இன்றும் இயங்கும் அக்கல்லூரியில் பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் இந்த ஆட்டத்தைப் பள்ளிகள்தோறும் கொண்டுசென்றனர். முதல் தேசியப் போட்டி 1934இல் டெல்லியில் நடந்தது.

பம்பாயில் அது வேறொரு வாசல் வழியாக நுழைந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைப்புக்காக ரயிலேறியவர்களுக்குப் பம்பாய் அந்நிய ஊரன்று. அந்நகரின் நெரிசலை அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நெரிசலின் நடுவில் இருப்பது நாக்பாடா. ஆலைத் தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் நெருங்கி வாழ்ந்த இடம். முஸ்லிம்கள் பெருமளவில் குடியிருக்கும் இடம். ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே அடங்கும் வீடுகள். செய்தித்தாள்களில் அப்பகுதியின் பெயர் பெரும்பாலும் குற்றச் செய்திகளோடு சேர்ந்தே அச்சாயிற்று.

அங்கே கிளிஃபர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கச் சமயப் பணியாளர் 1920களில் 'நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ்' என்ற சமூக நிலையத்தைத் தொடங்கினார். சுற்றுப்புற மக்கள் எம்மதத்தவராயினும் வந்து படிக்கவும் பழகவும் விளையாடவும் இடமளிப்பது அதன் நோக்கம். பின்னாளில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று புகழ்பெற்ற கல்விக்கூடம் 1936இல் தொடங்கப்பட்டதும் அந்த நிலையத்தில்தான். இத்தகைய அமைப்புகளின் வழியாக அமெரிக்கர்கள் ஊன்றிய கூடைப்பந்து, காலப்போக்கில் நாக்பாடாவின் சொந்த விளையாட்டாயிற்று. நாடே கிரிக்கெட்டின் பின்னால் சென்றபோது, கிரிக்கெட் ஆட இடமில்லாத அந்தச் சந்துகளின் பிள்ளைகள் வளையத்தை நோக்கிப் பந்தெறிந்தார்கள்.

அப்பாஸ் அந்த ஆடுதளங்களில்தான் ஆட்டம் பயின்றார். பதினெட்டு வயதில், 1960இல், இந்திய அணிக்காக ஆடத் தொடங்கினார். இந்தியா ஆசியக் கூடைப்பந்துப் போட்டியில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1965இல் கோலாலம்பூரில். ஆகவே ஆசிய அரங்கில் இந்தியக் கூடைப்பந்து நடைபயின்ற காலமும் அப்பாஸின் இளமைக் காலமும் ஒன்றே. அவர் இந்திய அணியின் தலைவரானார். 1970இல் ஆசிய நட்சத்திர அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவரை வந்தடைந்தது. கூடைப்பந்தில் அவ்விருதை 1961இல் முதன்முதலாகப் பெற்றவர் சர்ப்ஜித் சிங். 1967இல் பெற்றவர் குஷிராம். அந்த வரிசையில் நாக்பாடாவின் பிள்ளையும் இடம்பெற்றார். 1975இல் பாங்காக் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது. அதைவிட உயர்ந்த இடத்தை இந்திய ஆடவர் அணி இன்றுவரை எட்டவில்லை.

ஆட்டக்காலம் முடிந்த பின்னரும் அவர் பெயர் நாக்பாடாவோடு சேர்த்தே பேசப்பட்டது. 2022இல் அவர் இறையடி சேர்ந்தபோது, இந்தியக் கூடைப்பந்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர் மறைந்தார் என்றே எழுதினார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இனி வாப்பாமாரின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டக்காரருக்குக் கோடிகளில் ஊதியம். நம் நாட்டில் அப்பாஸின் காலத்தில் ஊதியம் தரும் தொழில்முறைக் குழுக்கள் இருந்ததில்லை. அதன்பின் தொடங்கப்பட்ட ஒன்றிரண்டும் நிலைபெறவில்லை. ஆயினும் இந்திய விளையாட்டு வேறொரு வழியைக் கண்டது. ரயில்வே, படைத்துறை, காவல்துறை, வங்கிகள் ஆகியவை தமக்கென அணிகளை வைத்துக்கொண்டன; நன்றாக ஆடுபவருக்கு வேலை கொடுத்தன. குஷிராம் போன்றோர் படைத்துறை வாயிலாகவே ஆட்டத்துக்கு வந்தனர். நம் மாநிலத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தென்னக ரயில்வே, ஐ.சி.எஃப். அணிகளின் பெயர்கள் கூடைப்பந்து வட்டாரத்தில் அனைவரும் அறிந்தவை. பல்கலைக்கழகங்களிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ஆக, விளையாட்டினால் சோறு கிடைக்கும். அனைவருக்கும் கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. படிப்பினாலும் அனைவருக்கும் கிடைத்துவிடுவதில்லையே.

இதற்குச் சான்று தேடி நாம் பம்பாய்வரை செல்லவும் வேண்டியதில்லை. நம் மாவட்டத்தின் மேற்குக் கரையில் தூத்தூர் வட்டாரத்து மீனவ ஊர்களைப் பாருங்கள். கடற்கரை மணலே அவர்களின் மைதானம். அங்கிருந்து புறப்பட்ட கால்பந்து வீரர்கள் சந்தோஷ் கோப்பைவரை ஆடியிருக்கிறார்கள். விளையாட்டின் பெயரால் பணியில் அமர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. நாக்பாடாவுக்கும் தூத்தூருக்கும் பொதுவானது செல்வமன்று. வீட்டிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில், யாரும் விரட்டாத ஓர் இடம் இருந்தது. ஆடத் தெரிந்த மூத்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவ்வளவே.

நம்மிடம் கடற்கரை இல்லை என்று நம் மஹல்லாக்கள் கூறலாம். கணக்கைப் பார்ப்போம். சர்வதேச விதிப்படி கூடைப்பந்து ஆடுதளத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ பத்தரைச் சென்ட். டோக்கியோ ஒலிம்பிக்கில் புதிதாகச் சேர்க்கப்பட்ட மூவர் ஆட்டத்துக்கு ஒரே வளையமும் 15க்கு 11 மீட்டர் தளமும் போதும்; அது நான்கு சென்டைச் சற்றே தாண்டும். சிமெண்டுத் தளம், ஒரு கம்பம், ஒரு பலகை, தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் ஒரு வளையம். ஒரு திருமண மண்டபத்தின் வாகன நிறுத்தத்துக்கு நாம் ஒதுக்கும் இடத்தைவிட இது குறைவு.

மார்க்கம் இதை எவ்வாறு நோக்குகிறது என்ற ஐயம் சிலருக்கு எழலாம். பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியின் வளாகத்திலேயே ஈட்டிகளை ஏந்தி விளையாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழும்வரை உடன் நின்றார்கள். மதீனாவில் குதிரைப் பந்தயத்துக்கு நபியவர்கள் எல்லைகளை வரையறுத்துத் தந்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். தொழுகை நேரம் தவறாமலும், சூதும் சண்டையும் நுழையாமலும் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. பள்ளிவாசலுக்கு அருகிலேயே ஆடுதளம் இருந்தால், பாங்கு ஒலித்ததும் பிள்ளைகள் உளூச் செய்ய ஓடிவருவது எளிதன்றோ?

நம் பெண்மக்களை மறந்து இதைப் பேச முடியாது. 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில், தலைத்துணியைக் கழற்றினால்தான் ஆடலாம் என்று கூறப்பட்டதால் கத்தார் மகளிர் கூடைப்பந்து அணி போட்டியிலிருந்து விலகியது. அதே தடையால் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைய இயலாமல் நின்றவர் பில்கிஸ் அப்துல் காதிர். நெய்ஸ்மித் பழக்கூடையை அறைந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் பெண் அவர்; பள்ளிப் பருவத்திலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுத்தவர்; ஹிஜாபுடன் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். அவரும் பிறரும் தொடர்ந்து குரல்கொடுத்தனர். 2017இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு விதியை மாற்றி, தலையை மறைத்து ஆட அனுமதித்தது. உலகம் திறந்துவிட்ட கதவு அது.

நம் மாநிலத்திலும் முன்மாதிரி உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் பணியாற்றிக்கொண்டே இந்திய மகளிர் அணிக்கு எட்டு ஆண்டுகள் தலைமை தாங்கினார். தாயான பிறகும் திரும்பி வந்து, 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவை வென்ற அணியில் ஆடினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெண்களுக்கென நேரம் ஒதுக்கி, மறைப்புச் சுவர் எழுப்பிய ஓர் ஆடுதளத்தை நம் பிள்ளைகளுக்கு அமைத்துத் தருவது ஜமாஅத்துகளின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

நாக்பாடாவின் பிள்ளைகளுக்கு அந்த இடத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் கடல்கடந்து வந்தவர்கள். நம் பிள்ளைகளுக்கு நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். கைப்பேசிக்குள் முடங்கும் மாலைப்பொழுதுகளும், போதைப்பொருளுக்கு இளைஞர்களைப் பறிகொடுக்கும் குடும்பங்களின் கண்ணீரும் நாம் காணாதவை அல்லவே. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் பள்ளிவாசல் நிலத்தின் பயன்பாடு பேசப்படும்போது, கடைகளுக்கும் மண்டபத்துக்கும் இடையே இந்தப் பத்தரைச் சென்டையும் யாரேனும் ஒருவர் எழுந்து நினைவூட்டுவாராக. வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களுக்கு உடல் வலிமையையும் ஈமானின் உறுதியையும் ஒருசேர அருள்வானாக. ஆமீன்.