செஞ்சி: ஓடி வந்த ராஜாவும் ஓட மறுத்த ராஜாவும்

செஞ்சின்னு சொன்னதும் நம்ம மக்களுக்கு ஞாபகம் வர்றது ரெண்டே விஷயம். ஒண்ணு தேசிங்கு ராஜா. இன்னொண்ணு, திண்டிவனத்திலேர்ந்து திருவண்ணாமலை போற பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தா தெரியற மலைங்க. யாரோ லாரி லாரியா பாறாங்கல்லைக் கொட்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போன மாதிரி இருக்கும்.

2025 ஜூலையில யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. சந்தோஷம்தான். ஆனா சேர்த்த பேரு 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்'. மொத்தம் 12 கோட்டை. அதுல 11 மகாராஷ்டிராவுல இருக்கு, தமிழ்நாட்டுல செஞ்சி மட்டும். "கட்டினது கோனாரு, பெருசாக்கினது நாயக்கரு, பேரு மட்டும் மராத்திக்காரனுக்கா?" என்று ஆபீஸ் நண்பர் ஒருத்தர் பொங்கிட்டார். நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் தேடிப் போனப்பதான் ஒரு சாகசப் பயணக் கதை மாட்டிச்சு. அதைத்தான் இங்க சொல்லப் போறேன்.

முதல்ல முன்கதைச் சுருக்கம். 1200ஐ ஒட்டி ஆனந்தக் கோன் என்ற கோனார் தலைவர் ராஜகிரியில கோட்டைக்கு அடி போட்டார், பின்னாடி கிருஷ்ணக் கோன் கிருஷ்ணகிரியில கட்டினார் என்பது மரபுச் செய்தி. விஜயநகரக் காலத்துல நாயக்கர்கள் வந்து கல்யாண மகால், நெற்களஞ்சியம், குளம், மதில்னு ஊரையே மாத்தினாங்க. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூணு மலையையும் சேர்த்து வளைக்கிற மதிலோட சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். 1597ல் இங்க வந்த பிமெண்டா என்ற சேசு சபைப் பாதிரியார், லிஸ்பனை விட்டா போர்ச்சுகல்ல கூட இவ்வளவு பெரிய ஊர் கிடையாதுங்கற மாதிரி எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். 1649ல் பீஜப்பூர் சுல்தான் படை பிடிச்சது. 1677ல் சிவாஜி வந்து அவங்ககிட்டேர்ந்து வாங்கிட்டார்.

இங்கதான் எனக்கு ஒரு கேள்வி. ராய்கட்ல உக்காந்திருக்கற மனுஷனுக்கு, நடுவுல பாதி தக்காணத்தைத் தாண்டி செஞ்சி எதுக்கு? நம்ம பொட்டி தட்டற பாஷையில சொன்னா, இது 'டிஸாஸ்டர் ரெகவரி சைட்' :-) மெயின் சர்வர் தீப்பிடிச்சா வேலை நிக்கக் கூடாதுன்னு தூரமா இன்னொரு ஊர்ல ஒண்ணை ரெடியா வச்சிருப்போமே, அதேதான். வடக்குல முகலாயர் நெருக்கினா ஒதுங்க ஓர் இடம் வேணும்னுதான் சிவாஜி செஞ்சியைப் பலப்படுத்தினார்னு பல வரலாற்று ஆசிரியர்கள் சொல்றாங்க. அவர் காலத்துல அது தேவைப்படல. 1680ல் அவர் போய்ச் சேர்ந்துட்டார். ஒன்பது வருஷம் கழிச்சுத் தேவைப்பட்டுச்சு.

1689 மார்ச். சிவாஜியோட மூத்த மகன் சம்பாஜியைப் பிடிச்சு ஔரங்கசீப் கொன்னாச்சு. ராய்கட்டைச் சுத்தி முகலாயப் படை நெருங்குது. உள்ள இருக்கறது சம்பாஜி மனைவி ஏசுபாய், சின்னப் பையன் ஷாஹு, சம்பாஜியோட தம்பி ராஜாராம். ராஜாராமுக்கு வயசு 19. எல்லாரும் ஒரே கோட்டையில இருந்தா ஒரே நாள்ல கதை முடிஞ்சிடும், நீ கிளம்புன்னு சொன்னது ஏசுபாய்தான் என்பாங்க. புருஷனைப் பறிகொடுத்த கையோட, மகனையும் தன்னையும் பணயம் வச்சுக்கிட்டு இந்த முடிவை எடுத்த அந்தம்மாவைப் பத்தித் தனியா ஒரு பதிவே போடலாம். கொஞ்ச மாசத்துல ராய்கட் விழுந்தது. அவங்களும் ஷாஹுவும் கைதாகிப் போனாங்க. ஏசுபாய் ஊர் திரும்ப முப்பது வருஷம் ஆச்சு.

ராஜாராம் பிரதாப்கட் வழியா பன்ஹாலா போறார். அங்கேயும் முற்றுகை. 1689 செப்டம்பர் 26 ராத்திரி, கூட நம்பிக்கையான சில பேர், எல்லாருக்கும் லிங்காயத்து யாத்ரீகர் வேஷம். தெற்கே நடை.

இப்ப கோலாப்பூர்லேர்ந்து பெங்களூருக்கு ராத்திரி பஸ் ஏறினா விடிகாலையில இறங்கிடலாம். அவங்களுக்கு அந்த நேர் வழி முழுக்க முகலாயக் கண்ணு. அதனால மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டை ஒட்டி, மழைக்காலம் முழுசா முடியாத நேரத்துல, கெளடி நாயக்கர் ராஜ்ஜியத்துக்குள்ள போறாங்க. பெத்தனூர்ல ஆட்சி பண்ணினது ராணி சென்னம்மா. இவரை ஒளிச்சு வச்சா ஔரங்கசீப் சும்மா விடமாட்டார்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சேதான் தன் நாட்டு வழியா அனுப்பி வச்சாங்க. முகலாயப் படை வரத்தான் செஞ்சது. சண்டை போட்டு, அப்புறம் சமாதானம் பேசி, ராஜ்ஜியத்தையும் காப்பாத்திக்கிட்டாங்க.

நடுவுல துங்கபத்திரையில ஒரு ஆத்துத் திட்டுல தங்கியிருந்தப்ப முகலாயர் வந்து வளைச்சுட்டாங்க. கூட வந்தவங்க பல பேர் மாட்டினாங்க, ராஜாராம் தப்பிச்சார்.

அடுத்தது பெங்களூர். இது மராத்தி பகர்கள்ல (அவங்க ஊர் வரலாற்றுக் கதை நூல்கள்) வர்ற சம்பவம். தங்கின இடத்துல பழக்க தோஷத்துல ஒரு வேலைக்காரன் ராஜாராமுக்குக் காலைக் கழுவி விட்டுட்டான். சாதாரண யாத்ரீகனுக்கு யாருய்யா கால் கழுவி விடுவான்? பார்த்தவன் அதிகாரிகிட்ட சொல்லப் போயிட்டான். விஷயம் கசிஞ்சதும் கூட்டத்தை ரெண்டாப் பிரிச்சாங்க. ராஜாராம் வேற வழியில நழுவ, கண்டோ பல்லாள் என்ற எழுத்தரும் இன்னும் சிலரும் வேணும்னே அங்கேயே உக்காந்து மாட்டிக்கிட்டாங்க. அடி, உதை, சித்திரவதை. நாங்க யாத்ரீகர்கள்தான்னு கடைசி வரைக்கும் ஒரே பேச்சு. வேற வழியில்லாம விட்டுட்டாங்க.

இந்தக் கண்டோ பல்லாள் யாருன்னு தெரிஞ்சப்ப நான் கொஞ்ச நேரம் படிக்கறதை நிறுத்திட்டேன். 1681ல் சதிக் குத்தம் சாட்டி இவரோட அப்பா பாலாஜி ஆவ்ஜிக்கு மரண தண்டனை கொடுத்தது யாருன்னா சம்பாஜி. ராஜாராமோட அண்ணன். அப்பாவைக் கொன்னவனோட தம்பியைக் காப்பாத்தத்தான் இவர் அடி வாங்கியிருக்கார்.

ஆம்பூர் பக்கம் வந்தப்பதான் மராத்தியப் படை முகாமைப் பார்த்து மூச்சு விட்டாங்க. அக்டோபர் கடைசியில வேலூர், நவம்பர்ல செஞ்சி. கிட்டத்தட்ட அஞ்சு வாரப் பயணம். இந்தப் பயணத்தை வச்சு கேசவ பண்டிதர் சமஸ்கிருதத்துல 'ராஜாராம சரிதம்'னு ஒரு காவியமே எழுதியிருக்கார்.

அடுத்த எட்டு வருஷம் மராத்திய ராஜ்ஜியத்தோட தலைநகரம் நம்ம செஞ்சி. அரசவை, மந்திரிமார், சாசனம் எல்லாம் இங்கேர்ந்துதான். மகாராஷ்டிராவுல ராமச்சந்திர பந்த் தனியா நிர்வாகம் பார்க்கறார், சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் ஆளுக்கொரு பக்கம் குதிரைப்படையோட சுத்தறாங்க. ஒரு இடத்தை அடிச்சா எல்லாம் படுத்துடும்ங்கற நிலைமையே இல்லை. ஔரங்கசீப்போட பிரச்சினையே அதுதான்.

1690 செப்டம்பர்ல சுல்பிகர் கான் வந்து முற்றுகையை ஆரம்பிச்சார். ராய்கட்டை வளைச்ச அதே ஆள். அப்புறம் அவர் அப்பா ஆசாத் கான் வந்தார், ஔரங்கசீப்போட மகன் காம்பக்ஷே வந்தார். ஒண்ணும் நடக்கல. ராஜகிரி உச்சி தரையிலேர்ந்து சுமார் 800 அடி. மேல போக ஒரே வழி, அதுலயும் கடைசியில ஒரு பிளவு. அதுமேல போட்டிருந்த பாலத்தை எடுத்துட்டா ஆகாசத்துல தொங்கிக்கிட்டுதான் ஏறணும். மேல தண்ணி இருக்கு, களஞ்சியம் இருக்கு.

1692 டிசம்பர்ல சந்தாஜியும் தனாஜியும் வெளியிலேர்ந்து வந்து அடிச்ச அடியில முற்றுகை போட்டவங்களே முற்றுகையில மாட்டிக்கிட்டாங்க. முகாம்ல தானியம் இல்லை. காம்பக்ஷ் ராஜாராமோட ரகசியமா பேசறார்னு சந்தேகம் வந்து, பேரரசரோட மகனையே காவல்ல வச்சாங்க. கடைசியில எல்லாரும் வந்தவாசிக்குப் பின்வாங்கினாங்க. மறுபடி வந்தாங்க. மறுபடி இழுவை. முகலாயப் படையோட இங்க இருந்த பீம்சேன் என்பவர் தன் குறிப்புகள்ல, சுல்பிகர் கான் நினைச்சிருந்தா வந்த அன்னிக்கே பிடிச்சிருக்கலாம், தளபதிகள் வேணும்னே இழுக்கறாங்கன்னு எழுதியிருக்கார். ப்ராஜெக்ட் முடிஞ்சா பில்லிங் நின்னுடும்ங்கற தத்துவம் அப்பவே இருந்திருக்கு பாருங்க :-)

இந்த இழுவைக்கு நடுவுல நம்ம கரையில ஒரு பெரிய விஷயம் நடந்துபோச்சு. 1690ல் பணத்தேவையில இருந்த செஞ்சி மராத்தியர்கள், கடலூர் பக்கத்துல தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு வித்தாங்க. அப்ப மதராஸ் கவர்னர் எலிஹூ யேல். அதான், அமெரிக்காவுல பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்தவர். ஒப்பந்தப்படி கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் விழுதோ அதுவரைக்கும் இருக்கற ஊரெல்லாம் கம்பெனிக்கு. 'குண்டு கிராமங்கள்' என்ற பேர் அப்படி வந்ததுதான். அங்க குடியிருந்தவங்களை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. காலையில ராஜாவோட குடி, சாயங்காலம் கம்பெனியோட குடி.

1697 கடைசியில கோட்டை தாங்காதுன்னு தெரிஞ்சதும் ராஜாராம் மறுபடி தப்பிச்சு வேலூர் போய் அங்கேர்ந்து மகாராஷ்டிரா போனார். முகலாயர் பக்கம் இருந்த கணோஜி ஷிர்க்கேயோட உதவி தேவைப்பட்டது. அதுக்கு விலையா கண்டோ பல்லாள் தன் குடும்பத்துப் பரம்பரை உரிமையை எழுதிக் கொடுத்தார்னு மராத்தி மரபு சொல்லுது. அதே கண்டோ பல்லாள்தான். 1698 தொடக்கத்துல சுல்பிகர் கான் செஞ்சியைப் பிடிச்சார். வேட்டைக்கு வந்தது கிடைக்கல, கூண்டு கிடைச்சது. 1700ல் ராஜாராம் சிங்கட்ல நோய்வாய்ப்பட்டு இறந்தார், வயசு 30. சண்டை நிக்கல. 1707ல் ஔரங்கசீப் தக்காணத்துலயே கண்ணை மூடினார்.

இப்ப தேசிங்குக்கு வருவோம். முகலாயர் செஞ்சியை சொரூப் சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரர்கிட்ட கொடுத்தாங்க. அவர் 1714ல் இறந்தப்ப மகன் தேஜ் சிங் வந்து உக்காந்தார். நம்ம வாயில அது தேசிங்கு. கப்ப பாக்கி கேட்டு ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் வர, கட்ட மாட்டேன்னு சின்னக் கூட்டத்தோட பெரிய படைமேல பாய்ஞ்சு, 1714 அக்டோபர் 3ல் செத்துப்போனார். வயசு 22, ஆட்சி பத்து மாசம். தெருக்கூத்து, பாட்டு, நீலவேணிக் குதிரை, கல்யாணப் பந்தல்லேர்ந்து எழுந்து வந்த தோழன் மோவுத்துக்காரன், எம்ஜியார் படம்னு முந்நூறு வருஷமா நாம கொண்டாடறது இவரைத்தான்.

ஒரே கோட்டை, 25 வருஷ இடைவெளி, ரெண்டு இளவட்டங்க. நின்னு செத்தவருக்கு ஊரெல்லாம் பாட்டு. ஓடிப் பிழைச்சவர் இருந்ததே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. தேசிங்கு வீரத்தைக் குறைச்சு சொல்லல. ஆனா அந்தப் பத்து மாசத்தோட அவர் வம்ச ஆட்சி முடிஞ்சது. ராஜாராம் ஓடினதால ஒரு அரசு பிழைச்சது. ஓடறதுலயும் தைரியம் இருக்குன்னு நாம ஒத்துக்கறதே இல்லை. கண்டோ பல்லாள் வாங்கின அடிக்கு எந்தக் கூத்துல பாட்டு இருக்கு?

ஓடாம, சாகாம, அங்கேயே இருக்கற மூணாவது கூட்டம் ஒண்ணு உண்டு. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு மூலஸ்தானம் என்பாங்க. பாரதக் கதையில வர்ற திரௌபதி செஞ்சி ராஜாவுக்காக மறுபடி பிறந்து வந்தாள்னு ஒரு ஸ்தலக் கதை. காவல் தெய்வங்கள்ல முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரரும் உண்டு. ஆல்ஃப் ஹில்டெபெய்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த ஊர்ப்பக்கமெல்லாம் அலைஞ்சு 1988ல் இதைப் பத்திப் பெரிய புத்தகமே போட்டிருக்கார். வந்து போன படைகளையெல்லாம் ஜனங்க தங்கள் சாமி கதைக்குள்ள இழுத்து உக்கார வச்சுக்கிட்டாங்க.

அப்புறம் இருளர்கள். கன்னிமாரைக் கும்பிடறவங்க, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில கூடறவங்க. மூலிகை, கிழங்கு, பாம்பு, எலின்னு காட்டோட அத்தனை கணக்கும் கையில வச்சிருந்தவங்க. விழுப்புரம் மாவட்டத்துல ஏரிக்கரையிலயும் புறம்போக்கிலயும் குடிசை போட்டுக்கிட்டு, செங்கல் சூளையிலயும் அரிசி ஆலையிலயும் கொத்தடிமையா மாட்டி மீண்டவங்க அவங்கள்ல ஏராளம். பழங்குடின்னு ஒரு சாதிச் சான்றிதழ் வாங்கவே போராட வேண்டியிருந்தது. ஏழெட்டு அரசு மாறின இந்த மண்ணுல அவங்க நிலைமை மட்டும் ரொம்ப மெதுவாத்தான் மாறுது.

நண்பர் கேள்விக்கு என் பதில் இதுதான். யுனெஸ்கோ வச்ச பேர் தப்பில்லை. 1677லேர்ந்து 1698 வரைக்கும் அந்தப் பேருக்கு இந்தக் கோட்டை வேலை செஞ்சிருக்கு. ஆனா அது ஒரு 21 வருஷத்துப் பேர். மீதிக் கதையைப் போர்டுல எழுதி வைக்கச் சொல்லிக் கேக்க வேண்டியது நாமதான்.

பி.கு: போறவங்க காலையிலயே போங்க. ராஜகிரிக்கு மதியத்துக்கு மேல ஏற விடமாட்டாங்க. தண்ணி பாட்டில் கட்டாயம், குரங்கு பத்திரம். பாலத்துக்கிட்ட ஒரு நிமிஷம் நின்னு கீழ எட்டிப் பாருங்க, எட்டு வருஷம் ஏன் ஆச்சுன்னு புரியும். உங்க ஊர்ப்பக்கம் ராஜாராம் பத்தி ஏதாவது கதை, பாட்டு இருந்தா சொல்லுங்கப்பா. எனக்கு இதுவரைக்கும் ஒண்ணு கூடக் கிடைக்கல.