குல்கர்னியும் கர்ணமும்

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. மொத்தம் இருபது வீடு. அதில் குல்கர்னி மூன்று, பாட்டீல் இரண்டு, தேஷ்பாண்டே ஒன்று, தேஷ்முக் ஒன்று. புனேயில் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். லிஃப்டுக்காக நிற்கும்போது ஒருநாள் என் மகள் கேட்டாள்: "அப்பா, குல்கர்னின்னா என்ன அர்த்தம்?"

"ஊர்க் கணக்கு எழுதறவர். நம்ம ஊர்ல கர்ணம்னு சொல்லுவாங்க."

"அப்போ நம்ம ஊர்ல யாருக்கும் ஏன் கர்ணம்னு சர்நேம் இல்ல?"

லிஃப்ட் வந்துவிட்டது, தப்பித்தேன். ஆனால் கேள்வி போகவில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். குல்கர்னியில் இருக்கும் 'கர்னி'யும் நம் 'கர்ண'மும் ஒரே வேரிலிருந்து வந்தவை. சமஸ்கிருதத்தில் கரணிகன் என்றால் எழுத்தர், ஆவணம் எழுதுகிறவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபையின் ஆவணத்தை எழுதிக் கையெழுத்திடும் கரணத்தானைப் பார்க்கலாம். தெலுங்கில் அது கரணம். முன்னால் இருக்கும் 'குல' என்பது ஊரில் உழும் குடும்பங்களையும் அவர்களின் நிலத்தையும் குறிக்கிறது. இன்றும் மராத்தியில் 'கூள்' என்றால் குத்தகை விவசாயி. 1948ல் வந்த பம்பாய் குத்தகைச் சட்டத்தைக் கிராமத்து மக்கள் 'கூள் காயதா' என்றுதான் சொல்வார்கள். ஆக, குல்கர்னி என்றால் உழுகுடிகளின் கணக்கை எழுதுகிறவர்.

பெயர்ப்பலகையில் இருந்த மற்ற மூன்று பெயர்களும் இதே நிர்வாகத்தின் படிக்கட்டுகள். கிராமத்துக்குத் தலைவர் பாட்டீல், எழுத்தர் குல்கர்னி. பல கிராமங்கள் சேர்ந்தது பர்கனா. அதற்குத் தலைவர் தேஷ்முக், எழுத்தர் தேஷ்பாண்டே. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் பாட்டீல்தான் மணியக்காரர், குல்கர்னிதான் கர்ணம். பாட்டீல் பெரும்பாலும் மராத்தா அல்லது குண்பி, குல்கர்னி பெரும்பாலும் பிராமணர். இதுவும் ஊருக்கு ஊர் மாறும்.

இந்தப் பதவிகளுக்கு 'வதன்' என்று பெயர். வதன் என்றால் பரம்பரை உரிமை. அப்பாவுக்குப் பிறகு பிள்ளை. இனாம் நிலம் உண்டு, விளைச்சலில் பங்கு உண்டு. அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரிப்பதுபோல வதனையும் பிரித்துக்கொள்ளலாம். மராட்டியர் காலத்தில் அதை விற்கவும் வாங்கவும் செய்தார்கள். இன்றைக்கு அரசு வேலையை மகன்கள் பாகம் பிரித்துக்கொள்வதை யோசித்துப் பாருங்கள்! பதவி குடும்பத்தின் சொத்து ஆனதால்தான் பதவியின் பெயர் குடும்பத்தின் பெயர் ஆயிற்று.

சரி, கணக்கு எழுதுவது அவ்வளவு பெரிய வேலையா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. எந்த நிலம் யாருடையது, யார் உழுகிறார், என்ன பயிர், எவ்வளவு தீர்வை, எவ்வளவு பாக்கி, எல்லாம் குல்கர்னியின் தப்தரில். அதுவும் மோடி எழுத்தில். இந்த மோடி, தேவநாகரியைக் கைவேகமாக எழுத ஏற்பட்ட சுழி எழுத்து. படித்தவர்களுக்கே அதைப் படிக்கத் தனிப்பயிற்சி வேண்டும். தஞ்சையை மராட்டியர் ஆண்டதால் சரஸ்வதி மகால் நூலகத்திலும் கட்டுக் கட்டாக மோடி ஆவணங்கள் இருக்கின்றன. விவசாயிக்கு நிலம் தெரியும், பயிர் தெரியும், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது. மணியக்காரரோ பாட்டீலோ மிரட்டினால் ஊருக்கே கேட்கும். கணக்கர் ஒரு கோடு இழுத்தால் சத்தமே வராது. 19ஆம் நூற்றாண்டில் ஜோதிராவ் புலே குல்கர்னிகளைக் கடுமையாக விமர்சித்து எழுதியதற்கு இதுவே காரணம்.

எல்லாக் கணக்கரும் அப்படி என்று சொல்லவில்லை. ஞானேஸ்வரின் முன்னோர் பைத்தணுக்குப் பக்கத்தில் ஆபேகாவின் குல்கர்னிகள் என்பது மரபுச் செய்தி. நம் வள்ளலாரின் தந்தை ராமையா மருதூரில் கிராமக் கணக்கர். ஊர்க்கணக்கு எழுதிய வீடுகளில் இப்படியும் பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள்.

பதவி ஒழிந்த கதை இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான். கோலாப்பூரில் சாகு மகாராஜா 1918லேயே குல்கர்னி வதனை ஒழித்துச் சம்பளத் தலாட்டிகளை நியமித்தார். பம்பாய் மாகாணத்தில் 1950ல் சட்டம் வந்தது. கிராம அதிகாரிப் பதவியைப் பரம்பரைக்கு மட்டும் கொடுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1960ல் ஓர் ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு மணியம், கர்ணம் பதவிகளை எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982ல் அரசு பக்கம் தீர்ப்பானது. ஆந்திராவில் என்.டி.ஆர். 1984ல் அதையே செய்தார். அன்றிலிருந்து நம் ஊரில் வி.ஏ.ஓ., தேர்வு எழுதி வருகிறவர். நம் அடங்கல், சிட்டாவுக்கு நிகராக இங்கே 'சாத்பாரா': ஏழாம் எண் படிவமும் பன்னிரண்டாம் எண் படிவமும் சேர்ந்த தாள்.

பதவி எல்லா இடத்திலும் போய்விட்டது. பெயர் மட்டும் இங்கே நின்றுவிட்டது. தெலுங்கிலும் நின்றது: 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பளு தூக்கி வெண்கலம் வாங்கிய கர்ணம் மல்லேஸ்வரியின் வீட்டுப் பெயரே அதுதான். தமிழில்? கர்ணம் என்று ஊரில் கூப்பிடுவோம், பெயரோடு ஒட்டவில்லை. நம் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்தது பெரும்பாலும் சாதிப் பட்டம். அதை விடச் சொல்லி 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பிறகு முன்னால் ஓர் இனிஷியலோடு நின்றுகொண்டோம். அதனால்தான் வெளிமாநிலப் பள்ளிகளில் 'சர்நேம்' கட்டத்துக்கு முன்னால் நாம் பேனாவை வைத்துக்கொண்டு விழிக்கிறோம். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தாத்தாவுக்கு இரண்டு ஏக்கர் புஞ்சை. எழுதப் படிக்கத் தெரியாது. காய்த்த முதல் பூசணி கர்ணம் வீட்டுக்குத்தான் போகும் என்று அப்பா சொல்வார். அப்படியும் ஒருமுறை அடங்கலில் தாத்தாவின் நிலத்தில் வேறு ஒருவர் பயிர் செய்வதாக ஏறிவிட்டது. கூட்டுறவுக் கடனுக்குப் போனபோதுதான் தெரிந்தது. அதை மாற்றத் தாத்தா இரண்டு வருஷம் நடந்தார். அந்த இரண்டாவது வருஷத்தில்தான் அப்பாவை மேலே படிக்க வைப்பது என்று முடிவு செய்தாராம். அப்பா படித்தார், நான் படித்தேன், இங்கே வந்து கம்ப்யூட்டரில் வேறு யாருடைய கணக்கையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எதிர்வீட்டுக் குல்கர்னியிடம் இதெல்லாம் சொன்னேன். அவருடைய தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்கு வந்துவிட்டார்களாம். உள்ளே போய் ஒரு பழைய துணிப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அவர்கள் வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே தாள். முழுக்க மோடி எழுத்து.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது. எங்க வீட்ல யாருக்கும் படிக்கத் தெரியாது" என்றார்.

மகளின் பள்ளிப் படிவத்தில் சர்நேம் கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். என் பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறுகிற சர்நேம் என்ன சர்நேம் என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். யார் என்ன வேலை செய்ய வேண்டும் என்று அந்தப் பெயரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை லிஃப்டில் மகள் கேட்டால் இதைத்தான் சொல்லப் போகிறேன்.