கந்தோர் வாசல்

அம்மப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். காலையில் குடையைக் கையில் எடுத்தால் "கந்தோருக்குப் போட்டு வாறன்" என்பார். அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் கந்தோர் தமிழ்ச் சொல் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். 1988 இல் நெதர்லாந்தின் ஆல்ஸ்மேருக்குப் பக்கத்தில் பூ வளர்க்கும் ஒரு கண்ணாடி வீட்டுக்கு வேலைக்குப் போனேன். பெயர் பதிய அனுப்பிய அறையின் கதவில் 'கந்தோர்' என்று எழுதியிருந்தது. எழுத்து அவர்களுடையது, சொல் அம்மப்பாவினுடையது.

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை வைத்திருந்தார்கள். போகும்போது கந்தோரையும் மேசை லாச்சியையும் எங்களிடம் விட்டுப் போனார்கள். துட்டு என்பதும் அவர்களுடைய சொல்தான். அதில் சொல்லை மட்டும் விட்டுப் போனார்கள்.

இப்போது என் தங்கையின் மகள் டெல்ஃப்டில் மேற்படிப்பு முடித்துவிட்டு எங்கள் வீட்டு மேல்மாடியில் இருந்து வேலை தேடுகிறாள். படித்து முடித்த வெளிநாட்டவருக்கு இந்த நாடு ஓராண்டு தருகிறது. அதற்குள் வேலை கிடைக்க வேண்டும். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "மாமா, நீங்கள் எப்பிடி வேலை தேடினனீங்கள்?"

"நான் எங்க பிள்ளை தேடினனான்? விடிய நாலரைக்கு வான் வந்து ஏத்திக்கொண்டு போகும்."

சிரித்தாள். நான் சொன்னது பகிடி அல்ல. இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்த வெளியூர்க்காரனின் கதை நானூறு வருடத்துக்கு மேல் நீளமானது. அதில் பெரும்பாலும் அவன் வேலையைத் தேடவில்லை. ஒரு கட்டிலும் ஒரு தட்டுச் சாப்பாடும் கொடுத்து அவனைத்தான் தேடிப் பிடித்தார்கள்.

ஆம்ஸ்டர்டாமின் ஔட ஹோக்ஸ்ட்ராட் தெருவில் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனியின் பழைய மாளிகை இன்றும் நிற்கிறது. இப்போது பல்கலைக்கழகம் அதைப் பயன்படுத்துகிறது. 1602 இல் தொடங்கிய அந்தக் கம்பனியின் கப்பல்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் ஆசியாவுக்குப் புறப்பட்டார்கள். திரும்பி வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். அத்தனை பேரைக் கொடுக்கும் அளவுக்கு ஒல்லாந்தில் சனம் இல்லை. ஜெர்மன் நாடுகளிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வேலை தேடி நடந்து வந்த இளைஞர்களே கப்பலை நிரப்பினார்கள். சிப்பாய்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டவர். யாழ்ப்பாணக் கோட்டையில் காவல் நின்றவனை நாங்கள் ஒல்லாந்தன் என்றோம். அவன் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாவில் ஏதோ ஒரு கிராமத்துக் குடியானவனின் இரண்டாவது மகனாக இருந்திருக்கலாம்.

இப்படி வந்து சேர்ந்தவனை ஆம்ஸ்டர்டாமில் ஒரு விடுதிக்காரர் பிடித்துக்கொள்வார். கையில் காசில்லாதவனுக்குப் படுக்கை, சாப்பாடு, குடி எல்லாம் கடனுக்குக் கிடைக்கும். கம்பனி ஆள் எடுக்கும் நாள் வரும்வரை அவன் அந்த வீட்டில்தான். ஓடிவிடுவான் என்று பரணில் பூட்டி வைத்த விடுதிக்காரரும் உண்டு. கம்பனி அவனை எடுத்துக்கொண்டதும் இரண்டு மாதச் சம்பளம் முன்பணமாக வரும். கூடவே 150 கில்டருக்கு ஒரு கடன் பத்திரம். இரண்டும் விடுதிக்காரர் கைக்குப் போய்விடும்.

அந்தப் பத்திரத்துக்குப் பணம் உடனே வராது. கடலில் அவன் உழைக்க உழைக்கத்தான் கம்பனி கொடுக்கும். அவன் வழியில் செத்தால் மிச்சம் போச்சு. அவ்வளவு நாள் காத்திருக்க விடுதிக்காரருக்கு வசதி இராது. குறைந்த விலைக்குப் பணக்கார வியாபாரிக்கு அதை விற்றுவிடுவார். பத்திரத்துக்கு டச்சில் 'சேல்' என்று பெயர், ஆன்மாவுக்கு 'சீல்'. சனம் இரண்டையும் கலந்து, பத்திரம் விற்றவரை ஆன்மா விற்பவர் என்று கூப்பிடத் தொடங்கியது. அந்தப் பெயரே நின்றுவிட்டது.

கம்பனியின் ஏறத்தாழ 3,000 சம்பளப் பேரேடுகள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு அவற்றின் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. ஒரு ஆளுக்கு இரண்டு பக்கம். மேலே பெயர், ஊர், கப்பல். இடது பக்கம் அவன் பட்ட கடன், வலது பக்கம் அவன் உழைத்தது. இடது பக்கம்தான் முதலில் நிரம்புகிறது: முன்பணம், பிறகு அந்த 150 கில்டர். சிப்பாயின் சம்பளம் மாதம் 9 கில்டர். பத்திரத்தைத் தீர்க்க மட்டும் பதினாறு மாதத்துக்கு மேல் உழைக்க வேண்டும். சில பக்கங்களில் 'மாதக் கடிதம்' என்று ஒரு பதிவு வரும். வீட்டில் இருக்கும் மனைவியோ தாயோ ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம்வரை வாங்கிக்கொள்ள அவன் எழுதிக் கொடுத்தது அது. ஊருக்குக் காசு அனுப்பிய எவனுக்கும் அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வராது.

கப்பல் ஏறாதவர்கள் புல் வெட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு முப்பதாயிரம் பேர் அளவில் ஜெர்மன் பக்கமிருந்து வடகடல் ஓரத்துக்குப் பருவ வேலைக்கு வந்தார்கள். புல் வெட்ட வந்தவர்கள் அரிவாளையும் வீட்டிலிருந்து கட்டிய பன்றியிறைச்சியையும் தோளில் சுமந்து நடந்து வந்து, கமக்காரரின் வைக்கோல் கொட்டிலில் படுத்தார்கள். அதே வெஸ்ட்பாலியாவின் மெட்டிங்கன் ஊரிலிருந்து துணி மூட்டையோடு வந்த குடும்பத்துச் சகோதரர் இருவர், கிளமென்ஸ், ஆகஸ்ட் பிரெனிங்க்மெயர், 1841 இல் ஸ்நேக் நகரில் துணி வியாபாரம் தொடங்கினார்கள். என் மருமகள் நேர்முகத் தேர்வுக்குக் கோட்டு வாங்கிய 'சி அண்ட் ஏ' அந்த வியாபாரம்தான். சொந்த மூட்டையோடு வந்தவனுக்கும் அடுத்தவன் கட்டிலில் படுத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆள் பிடிக்கும் வேலையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 1960 இல் இத்தாலியோடு ஒப்பந்தம், 1961 இல் ஸ்பெயின், 1964 இல் துருக்கி, 1969 இல் மொரோக்கோ. வந்தவர்களுக்கு 'விருந்தாளித் தொழிலாளி' என்று பெயர். என்னோடு கண்ணாடி வீட்டில் வேலை செய்த மொரோக்கோக்காரப் பெரியவர் அப்படி வந்தவர். "டொக்டர் என் பல்லைப் பார்த்தார், உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தையில் கழுதை வாங்கும்போது என் தகப்பனும் அப்படித்தான் பார்ப்பார்" என்பார். ஐமாய்டனில் இரும்பு உருக்காலை தன் வெளிநாட்டுத் தொழிலாளரைக் குடிவைக்க 'அரோசா சன்' என்ற பழைய பயணிகள் கப்பலை வாங்கிக் கட்டி வைத்திருந்தது. முந்தியவர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள், இவர்களைக் கட்டிப்போட்ட கப்பலில் படுக்க வைத்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியோடு ஆள் எடுப்பது நின்றது. விருந்தாளிகள் பலர் போகவில்லை, குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

எங்கள் ஆட்கள் 1984, 85 இல் அகதிகளாக வரத் தொடங்கினார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் 1985 இல் அரசாங்கம் தமிழருக்கென்றே ஒரு ஏற்பாடு செய்தது: படுக்கை, குளியல், ரொட்டி, கொஞ்சம் கைக்காசு. அதன் பெயரே 'படுக்கை-குளியல்-ரொட்டி' ஏற்பாடுதான். வேலை செய்யக்கூடாது. கட்டில் இருந்தது, வேலை இல்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டே மூன்று வருடம் போனது.

அனுமதி கிடைத்ததும் நான் போய் நின்றது ஒரு ஆள் அனுப்பும் நிறுவனத்தின் வாசலில். டச்சில் 'அவுட்செண்ட்பூரோ' என்பார்கள். இந்தத் தொழிலின் பெரும்புள்ளியான ரான்ட்ஸ்டாட் 1960 இல் பிரிட்ஸ் கோல்ட்ஸ்மேடிங் என்ற மாணவர் தொடங்கியது. முதல் ஊழியரைத் தன் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டுபோய் வேலையிடத்தில் விட்டார் என்பார்கள். எனக்கு வாய்த்தது அப்படி ஒரு சைக்கிள்காரர் அல்ல. பெயர் சொல்ல வேண்டாம், கடை இப்போது இல்லை. வேலை தந்தவர்களே அறையும் தந்தார்கள், ஒரு அறைக்கு நாலு பேர். முதல் வாரச் சம்பளத் துண்டில் மேலே கூலி, அதன் கீழே கழிவுகள்: கட்டில், வான், கையுறை, 'நிர்வாகம்'. கார்னேஷன் கட்டிக் கட்டி விரல் பச்சையாகியிருந்தது. துண்டில் மிஞ்சியதை அந்தப் பச்சை விரலால் இரண்டு தரம் எண்ணினேன். வேலையை விட்டுவிடலாம் என்றால் அன்றிரவு படுக்க இடமில்லை. பேரேட்டின் இடது பக்கத்தைப் பிற்காலத்தில் பார்த்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்து கிடங்குகளில் வேலை செய்பவர்களைப் பற்றி எமில் ரூமர் தலைமையிலான குழு 2020 இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. வேலை ஒப்பந்தத்தையும் வாடகை ஒப்பந்தத்தையும் பிரித்து வையுங்கள் என்பது அதன் முக்கியமான சொல். ஆன்மா விற்பவர் காலத்திலேயே சொல்லியிருக்க வேண்டியது.

"அதெல்லாம் உங்கட காலம் மாமா. நாங்கள் எக்ஸ்பட்" என்றாள் மருமகள்.

சரிதான். 2004 இல் 'அறிவுக் குடியேறி' என்ற திட்டம் வந்தது. குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் தரும் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் கூப்பிட்டால் சில வாரங்களில் அனுமதி. சம்பளத்தில் ஒரு பகுதியை வரியில்லாமல் கொடுக்கவும் வழி உண்டு. அந்தச் சலுகை ஒருகாலத்தில் 10 ஆண்டு, 2012 இல் 8 ஆயிற்று, 2019 இல் 5 ஆயிற்று. பல்லைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அனுமதி அந்த வேலையோடு கட்டியது. வேலை போனால் இன்னொன்று தேட அதிகபட்சம் மூன்று மாதம். நாட்டில் இருக்கும் உரிமையே இப்போது கட்டில். அதை விரிப்பவர் முதலாளி.

அவளுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்த நாடு கெட்ட நாடு அல்ல. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்டது. என் இரண்டாவது வேலையைப் பேசி எடுக்கும் அளவுக்கு டச்சு கற்றுக்கொண்ட அன்றே அந்த அறையைவிட்டு வெளியேறினேன். மொழியைப் படியுங்கள், ஆங்கிலம் போதும் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். வீட்டை உங்கள் பெயரில் எடுங்கள், மூன்று மாத வாடகையைக் கையில் வைத்திருங்கள். கந்தோர் வாசலில் கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலை நாளைக்குப் போனால், நான் இரவு எங்கே படுப்பேன்?