வெந்த காழும் பிதுக்குப் பருப்பும்

பெங்களூரு என்னும் பெயருக்கு 'பெந்த காளு ஊரு' எனக் காரணம் கூறுவர். வேட்டையில் வழிதவறிய போசள மன்னன் இரண்டாம் வீர வல்லாளனுக்கு மூதாட்டி ஒருத்தி வெந்த பயறு கொடுத்தாளாம். சொல்லளவில் கதையில் குறையில்லை. தமிழின் சொன்முதல் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரமாவது முறையான மாற்றம்; 'காளு' தமிழ்க் 'காழ்' (விதை) என்பதன் உறவுச்சொல்.

இடிப்பது காலம். வல்லாளன் ஆண்டது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். பேகூர் நாகேசுவரர் கோயில் நடுகல்லோ ஏறத்தாழ கி.பி. 890ஐச் சேர்ந்தது, பெங்களூருப் போரில் பட்ட வீரனைக் குறிப்பது. மன்னனுக்குப் பசியெடுக்க இன்னும் 300 ஆண்டுகள் இருந்தன!

இத்தனைக்கும், இந்நிலத்தின் உணவுத் தொன்மைக்குச் சான்று தேட அரண்மனைக் கதை தேவையே இல்லை. அடுக்களைச் சொல்லே போதும். மார்கழியிலும் தையிலும் மாகடி வட்டாரத்து அவரைக்காய் நகரில் வந்து குவியும். அதன் கொட்டையை ஊறவைத்து, விரலால் அழுத்தித் தோலை நீக்கிச் சமைப்பதற்கு இங்கே 'ஹிதுகித பேளே சாரு' என்று பெயர். எல்லை தாண்டினால் கிருஷ்ணகிரி, வேலூர் வீடுகளில் அது பிதுக்குப் பருப்புக் குழம்பு. பேளே என்பது பருப்பு. ஹிதுகு, பிதுக்கு இரண்டும் ஒரே வினையடி. பழங்கன்னடத்தின் சொன்முதல் ஒலிப்பிலாப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது. பால் 'ஹாலு' ஆனதும், பூ 'ஹூ' ஆனதும் அவ்வாறே.